நான் வைத்த சேனை

ஜூலை 20, ஞாயிறு

இந்த டைரியின் முதல் தாளை வேண்டுமென்றே காலியாக விட்டு வைத்திருந்தேன். எல்லாம் முடிந்த பிறகு முன்னுரை எழுத ஓர் இடம் வேண்டும் அல்லவா. இப்போது எழுதிவிடுகிறேன்.

என் அக்காள் உலகம்மாள் வீட்டில் இந்த ஒன்றரை மாதத்தில் நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். பிறப்பது பெண் என்று சொன்னேன். மருமகளுக்குப் பால் நிற்காது என்று சொன்னேன். பிள்ளை ஒரு தடவையாவது ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும் என்றும் சொன்னேன். யாரும் குறித்து வைத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் கோமதிநாயகமாகிய நானே நாள்வாரியாகக் குறித்து வைத்தேன். நான் படித்தது எட்டு வரைக்கும்தான். ஆனால் ஒரு பெரிய டாக்டரிடம் நாலு வருஷம் இருந்திருக்கிறேன். டோக்கன் கொடுக்கிற வேலைதான் என்றாலும், திரைக்குப் பின்னால் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் முதலில் என் காதில் விழுந்துதான் நோயாளி காதுக்குப் போகும்.

இதில் இருப்பது எல்லாம் உண்மை.

ஜூன் 8, ஞாயிறு

சங்கரன்கோவில் வந்து சேர்ந்தேன். நாலு நாள் இருப்பதாக உத்தேசம். வீட்டில் கிளம்பும்போது என் பெண்டாட்டி ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்காள் வீட்டில் முன்னால் இரண்டு அறை, பின்னால் ஆறு விசைத்தறி. தறி ஓடினால் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. பிள்ளை அழுதால் மட்டும் எப்படியோ கேட்டுவிடுகிறது. அக்காள் மகன் சங்கரசுப்பு நூல் அறுந்ததைக் கவனிக்காமல் அறையைப் பார்த்தே நிற்கிறான். அவன் பெண்டாட்டி சந்தனமாரி ஆறு நாளைக்கு முன்னால்தான் பெற்றிருக்கிறாள். அவளுக்குத் தாயில்லை. அதனால் தலைப்பிரசவத்துக்கும் இங்கேயே இருக்கிறாள். முறைக்கு நான் அவளுக்குச் சித்தப்பா.

வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளைக்கு யாரு சேனை வச்சா?"

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல்முதலாகச் சீனித்தண்ணீர் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும். சங்கரசுப்புக்கு வைத்தது நான். அவன் நல்லபடியாக இருக்கிறான் என்றால் அது யாரால்?

"யாரும் வைக்கல தம்பி" என்றாள் அக்காள். "ஆஸ்பத்திரியில அந்த நர்சு விடமாட்டேனுட்டா. தாய்ப்பால் தவிர சொட்டுத் தண்ணி வைக்கக் கூடாதாம்."

ஆறு நாளாகக் குணம் இல்லாமலே ஒரு பிள்ளை கிடக்கிறது. எனக்கு மனசு பதறிவிட்டது.

ஜூன் 9, திங்கள்

காலையில் கடைத்தெருவுக்குப் போய் ஒரு ரப்பர் நிப்பிள் வாங்கினேன். சூப்பான் என்றும் சொல்வார்கள். பால் வராது, ஒன்றும் வராது, பிள்ளை சும்மா சப்பிக்கொண்டே கிடக்கும். நீல வளையம், அதில் ஒரு வாத்துப் படம். சிங்கப்பூரில் இருக்கும் என் சிநேகிதன் அனுப்பியது என்று வீட்டில் சொன்னேன். அப்படிச் சொன்னால்தான் கழுவி வைத்துக்கொள்வார்கள்.

சீனியைக் காய்ச்சிப் பாகாக்கி, நிப்பிளைத் தோய்த்து, கிழக்கே பார்த்து நின்று பிள்ளை வாயில் வைத்தேன். சேனை ஆயிற்று. பிள்ளை ஒரு வாய் சப்பியது, கண்ணை விரித்து என்னைப் பார்த்தது, அப்படியே அழுகை அமர்ந்துவிட்டது.

"ஏ, அமந்துட்டுல்லா!" என்று அக்காள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "வந்த நாளா ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா கத்தும். தம்பி கை பட்டதும் பாரு."

சந்தனமாரி கட்டிலில் சாய்ந்திருந்தவள் மெள்ளச் சொன்னாள். "சித்தப்பா, ஆஸ்பத்திரி எஸ்தர் சிஸ்டர் ஒரு மாசத்துக்கு வாயில எதுவும் வைக்காதிய, மாரு பிடிச்சுப் பழகட்டும்னாங்க."

"எம்மா, சிஸ்டரு ஊசி போடப் படிச்சவ. நான் டாக்டர் கூடவே இருந்தவன்" என்றேன்.

அவள் பிள்ளைத் துணியை மடிக்க ஆரம்பித்தாள். பதில் இல்லை என்றால் ஒப்புக்கொண்டாள் என்றுதான் அர்த்தம்.

ஜூன் 11, புதன்

ஆறு தறியும் நிற்காமல் ஓடியது. அக்காள் எனக்கு மத்தியானம் அயிரை மீன் குழம்பு வைத்தாள்.

ஜூன் 15, ஞாயிறு

நாலு நாள் என்று வந்தேன், விடமாட்டேன் என்கிறார்கள். பிள்ளை அழப் பார்த்தால் உடனே "மாமாவைக் கூப்பிடு" என்கிறான் சங்கரசுப்பு. வாய் கோணும்போதே நான் நிப்பிளை வைத்துவிடுவேன். கையைச் சப்பினாலும் வைப்பேன், நாக்கை நீட்டினாலும் வைப்பேன். அழுகை என்று ஒன்று இருப்பதே அந்தப் பிள்ளைக்கு மறந்துபோய்விட்டது.

சந்தனமாரிக்குத்தான் காய்ச்சல். மார் கல்லாகக் கட்டிக்கொண்டு கையைத் தூக்க முடியவில்லையாம். பிள்ளையை எடுத்து மாரில் போட்டால், நிப்பிளைச் சப்புகிற மாதிரி நுனி நாக்கால் இரண்டு சப்பு சப்பிவிட்டுத் தூங்கிவிடுகிறதாம். காம்பு வெடித்து ரத்தம் வந்திருக்கிறது. பிள்ளையைப் போடும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் சட்டத்தைப் பிடிக்கிறாள்.

"பசிக்கும்ல அத்தை அதுக்கு?" என்று கேட்டாள்.

"பசிச்சா அழாதா? அது பாட்டுக்குக் கெடக்கு, ஒனக்கு என்ன?" என்றாள் அக்காள்.

இந்தக் காலத்துப் பெண்களுக்கு வலி தாங்காது. நானும் சொன்னேன், அக்காளும் சொன்னாள். இரண்டு பேர் சொன்ன பிறகாவது அழாமல் இருக்கலாம்.

ஜூன் 17, செவ்வாய்

பிள்ளை மூத்திரத் துணி இன்று மூன்றுதான் துவைக்க வந்தது. வேலை குறைந்தது பார் என்று அக்காளிடம் சொன்னேன்.

ஜூன் 20, வெள்ளி

எஸ்தர் சிஸ்டர் வந்தாள். தொங்கு தராசைக் கதவு நிலையில் மாட்டிப் பிள்ளையைத் தூளியில் வைத்து நிறுத்தாள். நிறுத்துவிட்டு மறுபடியும் நிறுத்தாள்.

"பொறக்கும்போது ரெண்டு தொள்ளாயிரம். இன்னிக்குப் பதினெட்டு நாள். அந்த எடையத் தாண்டியிருக்கணும். ரெண்டு எழுநூறுதான் காட்டுது" என்றாள். "எத்தனை தடவை பால் குடுக்க?"

"அஞ்சு தடவை சிஸ்டர். சில நாள் நாலு" என்றாள் சந்தனமாரி.

"எட்டுப் பத்து தடவையாவது வேணும்னு சொன்னேன்ல? அழலையா?"

"அழ விடுறது இல்ல" என்று நான் பெருமையாகச் சொல்லி, பிள்ளை வாயைக் காட்டினேன்.

அந்த அம்மாள் நிப்பிளை வெடுக்கென்று பிடுங்கினாள். தோய்த்திருந்த பாகு அவள் விரலில் இழுபட்டது. முகர்ந்து பார்த்தாள்.

"அண்ணாச்சி, வாயச் சப்புறது, கைய வாய்க்குக் கொண்டு போறது, இதெல்லாம்தான் பிள்ள பசிக்குன்னு சொல்லுறது. அழுகை கடைசிப் பேச்சு. அது கேக்கும்போதெல்லாம் நீங்க ரப்பரைக் குடுத்து அடைக்கிய. மாருல சப்பச் சப்பத்தான் பால் ஊறும். சப்ப வேண்டியதையெல்லாம் ரப்பர்ல சப்பிட்டா இவளுக்கு எங்கேருந்து ஊறும்? நல்லாக் குடிச்சு எடை ஏறுன பொறவு வைக்கதா வேண்டாமான்னு பாப்போம். இப்பக் கூடவே கூடாது."

சொல்லிவிட்டு அந்த நிப்பிளை என் சட்டைப் பையில் போட்டு, பையை ஒரு தட்டுத் தட்டினாள். தறிக்காரர்கள் இரண்டு பேர் வாசலில் நின்று சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். நான் எதையும் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

ஜூன் 21, சனி

சந்தனமாரி பிள்ளையைக் கீழே விடுவதே இல்லை. அது வாயசைத்தால் எடுத்துப் போடுகிறாள், கொட்டாவி விட்டாலும் எடுத்துப் போடுகிறாள். கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, ஆனாலும் போடுகிறாள். சங்கரசுப்பு இரண்டு தறியை நிறுத்திவிட்டு அவளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறான். என்னிடம் யாரும் பிள்ளையைத் தரவில்லை.

மத்தியானம் ரசம்.

ஜூன் 24, செவ்வாய்

பிள்ளை அழுகிறது. மறுபடியும் அழுகிறது. மாரில் கிடந்து, விட்டு, பிடித்து, விட்டு, கத்துகிறது. இப்படித்தான் சில நாள் இருக்கும், பிறகு சரியாகும் என்று நர்சு சொன்னாளாம். மூத்திரத் துணி எட்டு என்று சந்தனமாரி கொடியைக் காட்டி எல்லாரிடமும் சொல்கிறாள், என்னமோ பரிசு வாங்கின மாதிரி.

அக்காளுக்குத் தலைவலி. "இப்படி ஒரு அழுகைய நான் கேட்டதே இல்ல தம்பி. ஒன் சேனைய அந்தப் பாவி பிடுங்கினதுலேருந்து பிள்ள குணமே மாறிட்டு" என்றாள்.

நான் யோசித்துச் சொன்னேன். "அக்கா, பிள்ளை மேல தப்பில்ல. பால்ல தப்பு."

இது நான் டாக்டரிடம் கேட்டதுதான். அல்லது அங்கே வந்த ஒரு நோயாளியிடம். எப்படியும் அந்தக் கட்டிடத்துக்குள் கேட்டது. சில பொம்பளைக்குப் பால் கெட்டுப்போகும். குடிக்கிற பிள்ளைக்குக் குடல் எரியும், அதனால் கத்தும். நல்ல பாலா கெட்ட பாலா என்று எறும்புக்குத் தெரியும்.

ஜூன் 26, வியாழன்

இன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

அக்காள் காலையிலேயே சந்தனமாரியிடம் சங்கைக் கொடுத்தாள். பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற வெள்ளிச் சங்கு. "பாலப் பீச்சிக் குடு. தம்பி எறும்புக்கு வச்சுப் பாக்கட்டும்" என்றாள்.

"எதுக்கு அத்தை?"

"ஒம் பால் நல்ல பால்னா ஒனக்கு என்ன பயம்?"

சந்தனமாரி புருஷனைப் பார்த்தாள். சங்கரசுப்பு, "குடுத்துத்தான் பாரேன், சும்மா பாக்கத்தானே" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டான். கெட்டிக்காரன். என் சேனை.

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி நேரம் ஆயிற்று. கதவு இடுக்கு வழியாக ஒரு கை வந்தது, சங்கைப் பிடித்தபடி. பாதி நிறைந்திருந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"சித்தப்பா, பாத்து வைங்க" என்றாள்.

நான் கொல்லைக்குப் போனேன். துவைகல்லுக்குப் பக்கத்தில் கறுப்பெறும்பு சாரி சாரியாகப் போகும். அங்கே ஒரு வாழையிலைத் துண்டைப் போட்டுப் பாலை ஊற்றினேன். பத்து நிமிஷம் கடிகாரம் பார்த்துக் குந்தியிருந்தேன். சாரியாக வந்த எறும்பு அத்தனையும் பால் இருக்கும் இடத்தில் இரண்டாகப் பிரிந்து, சுற்றிக்கொண்டு போயின, தேர் வந்தால் கூட்டம் விலகுமே அந்த மாதிரி. ஒரே ஒரு எறும்பு மட்டும் துணிந்து வந்து வாயை வைத்தது. வைத்த மாத்திரத்தில் ஆறு காலும் மேலே போய்விட்டது. செத்துவிட்டது.

உள்ளே வந்து இதை அப்படியே சொன்னேன். தறியெல்லாம் நின்றிருந்தது. சங்கரசுப்பு, "நெசமாவா மாமா?" என்றான். "நெசமாவான்னா? வந்து பாரு" என்றேன். அவன் வரவில்லை. அக்காள் சங்கை வாங்கி, மூன்று தடவை சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

சந்தனமாரி மாத்திரம் கேட்டாள். "ஒடனே செத்துட்டா சித்தப்பா? வேதனப்பட்டுச்சா?"

"ஒடனேதான்" என்றேன். மனுஷனுக்கு ஓர் ஆறுதல் சொல்லத் தெரிய வேண்டும்.

மடியில் பிள்ளை வாயைச் சப்பிக்கொண்டு முகத்தை அவள் பக்கம் திருப்பித் திருப்பித் தேடியது. அவள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அதை அக்காளிடம் நீட்டிவிட்டாள்.

ஜூன் 27, வெள்ளி

டப்பாப் பால் வாங்கி வந்தோம். நிப்பிள் மறுபடியும் என் கைக்கு வந்தது. நல்ல வேளை, பையிலேயே வைத்திருந்தேன்.

கட்டின பாலை வற்ற வைக்க மல்லிகைப் பூ வைத்துக் கட்ட வேண்டும் என்றாள் அக்காள். நானே பூக்கடைக்குப் போனேன். நாலு முழம் கேட்டதும் பூக்காரி, "என்ன அண்ணாச்சி, வீட்டுல விசேஷமா?" என்றாள். "பேத்தி பொறந்திருக்கா" என்றேன். அரை முழம் சும்மா கொடுத்தாள். ராசிக்காரன் என்றால் இப்படித்தான்.

வீடு முழுக்க மணம். சந்தனமாரி நெஞ்சோடு துணி சுற்றிப் பூவை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். சாப்பிடவில்லை. அந்த அரை முழத்தைத் தலையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். வைத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 30, திங்கள்

பிள்ளை அழும் சத்தம் கேட்டால் அவளுக்குப் பால் கசிந்து பூவெல்லாம் நனைந்துபோகிறதாம். தினமும் அக்காள்தான் மாற்றிக் கட்டுவாள். இன்று அதையும் சந்தனமாரி தானே செய்தாள், யாரும் சொல்லாமல். அவிழ்த்த பூவைக் குப்பையில் போடாமல் குழி தோண்டிப் புதைத்தாள். கேட்டதற்கு, "கோழி கொத்திரும் சித்தப்பா" என்றாள்.

ஜூலை 3, வியாழன்

பால் வற்றிவிட்டது. நான் அன்றைக்கே சொன்னேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பிள்ளைக்குப் போக்கு. தண்ணீர் தண்ணீராகப் போனது. உச்சிக்குழி உள்ளே போய்விட்டது, அழுதால் கண்ணீர் வரவில்லை. டாக்டர் அக்காளிடம் டப்பாப் பாலை எப்படிக் கலக்குகிறீர்கள் என்று கேட்டார். குழாய்த் தண்ணீர் என்றாள், சீக்கிரம் தீர்கிறதே என்று ஒரு கரண்டி குறைத்துப் போட்டதையும் சொன்னாள். நிப்பிள் எங்கெங்கே விழும் என்றும் கேட்டார். தறிக் கொட்டகைத் தரையில் விழுந்தால் நான் வேட்டியில் துடைத்துத்தான் கொடுப்பேன் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

நான் டாக்டர்களோடு பழகியவன். அந்தப் பார்வைக்கு மரியாதை என்று அர்த்தம்.

பிள்ளையின் தலையில் ஊசி குத்தியிருக்கிறார்கள், கையில் நரம்பு கிடைக்கவில்லை. சந்தனமாரி கட்டிலிலிருந்து ஓர் அடி தள்ளி நிற்கிறாள். தொடவில்லை.

ஜூலை 12, சனி

வீடு திரும்பினோம். பிழைத்துக்கொண்டது. இரண்டு கிலோ அறுநூறு, நாற்பது நாள் பிள்ளை. கிழவி முகம் வந்துவிட்டது. ஆனாலும் நிப்பிளைச் சப்புகிற வேகம் குறையவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை.

ஜூலை 19, சனி

எஸ்தர் சிஸ்டர் வந்தாள். என்னைப் பார்த்தாள். நேராகச் சந்தனமாரியிடம் போய் உட்கார்ந்தாள்.

"பால் நின்னு ரெண்டு வாரம்தான் ஆகுது. திரும்ப வரவைக்கலாம்மா. நான் பாத்திருக்கேன். பிள்ளைய மாருல போட்டுக்கிட்டே இரு, சங்குல குடுக்கதையும் மாருகிட்ட வச்சுக் குடு, ரப்பர் மட்டும் வேண்டாம். நான் தெனமும் வாரேன். பத்து நாள் பாப்போம். இந்த எடையில இந்தப் பிள்ளைக்கு ஒம் பால் மாதிரி மருந்து கெடையாது."

"வேண்டாம் சிஸ்டர்" என்றாள் சந்தனமாரி.

"ஏன்? வலிக்கும்னா?"

"வலிக்கட்டும் சிஸ்டர், அதுக்கில்ல. எம் பால்ல வெசம் இருக்கு. எறும்பே செத்துப்போச்சு."

"எந்த எறும்பு?"

அவள் என்னைக் காட்டினாள். அக்காள் என்னைப் பார்த்தாள். சங்கரசுப்பு தறியை நிறுத்திவிட்டு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி" என்றாள் எஸ்தர் சிஸ்டர். முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினாள். கெஞ்சினாள் என்றே சொல்லலாம். "ஒங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த எறும்பு வேற எதுலயோ செத்திருக்கும்னு சொல்லுங்க. நான் நூறு தடவை சொன்னாலும் இவ நம்ப மாட்டா. நீங்க சொன்னா நம்புவா."

சந்தனமாரி எழுந்துவிட்டாள். என் முகத்தையே பார்த்தாள். "சித்தப்பா?" என்றாள். கையை மார்பில் வைத்திருந்தாள். இவ்வளவு நாளும் அந்த வீட்டில் யாரும் என்னை இப்படிப் பார்த்ததில்லை. எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள். தறிகூட ஓடவில்லை.

"ஒண்ணுன்னா வேற எதுலயோ செத்துச்சுன்னு சொல்லலாம் சிஸ்டர்" என்றேன். "மூணு செத்துச்சு. அன்னைக்கு இவ மனசு கஷ்டப்படுமேன்னு ஒண்ணுன்னு சொன்னேன்."

சந்தனமாரி தலையை ஆட்டினாள், இரண்டு மூன்று தடவை, தெரிந்த விஷயம்தான் என்கிற மாதிரி. பிள்ளையை அக்காள் மடியில் வைத்தாள். வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். இப்போதெல்லாம் பிள்ளையைத் தொடுவதற்கு முன்னாலும் கழுவுகிறாள், பின்னாலும் கழுவுகிறாள். முழங்கை வரைக்கும் தோல் உரிந்திருக்கிறது.

எஸ்தர் சிஸ்டர் தராசை மடித்துப் பையில் போட்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம், "ஒங்களுக்குப் பிள்ளை உண்டா அண்ணாச்சி?" என்றாள்.

"இல்ல" என்றேன்.

"ம்" என்றாள். போய்விட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு, சாயங்காலம்

காலையில் முதல் தாளில் முன்னுரை எழுதிவிட்டேன். இந்தத் தாளோடு இந்தக் கதை முடிகிறது. அக்காள் இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போ என்கிறாள். பிள்ளைக்கு நான் இல்லாமல் ஆகாது. சந்தனமாரி நாளையிலிருந்து தறி ஓட்டப் போகிறாள், அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். தறிச் சத்தத்தில் பிள்ளை அழுவது கேட்காது என்று சொன்னாளாம்.

இதில் இருப்பது எல்லாம் உண்மை என்று காலையில் எழுதினேன். திரும்பப் படித்துப் பார்த்ததில் ஓர் இடம் மட்டும் உறுத்துகிறது. டைரி என்றால் சுத்தமாக இருக்க வேண்டும், அதனால் குறித்து வைக்கிறேன்.

அன்றைக்கு நான் சங்கோடு கொல்லைக்குப் போனபோது துவைகல் பக்கம் ஈரம், சாரி ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் தேடினேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சங்கு சாய்ந்து விரலில் ஒரு சொட்டுப் பட்டது, நாக்கில் வைத்துப் பார்த்தேன். இனித்தது. மீதியைக் கருவேப்பிலைச் செடி மூட்டில் ஊற்றிவிட்டேன். உள்ளே எல்லாரும் தறியை நிறுத்திவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் இல்லாமல் எப்படிப் போவது? நடையேறும்போதுதான் எறும்பைச் சேர்த்தேன்.